‘பத்து மாசம்’னா சரியா எத்தனை நாள்? இரட்டையரில் ஒருவராகப் பிறந்து, பிரசவ மருத்துவத்துக்குப் பாடநூல் எழுதிய ஏ.எல்.முதலியார் கதை

திருத்தணி முருகன் மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூஜை போட்டு, பாடிக்கொண்டே ஏறுகிற படித் திருவிழாவுக்கு ஆந்திராவில் இருந்தும் கூட்டம் வரும்.

இப்போ ஒரு சின்ன கேள்வி. ஒரு படி ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு கர்ப்பம் எந்தப் படியில் முடியும்? பத்து மாசம்னா 300வது படியா? ஒன்பது மாசம்னா 270வது படியா?

மருத்துவர்கள் போடும் கணக்கு 280. ஆனால் எல்லாக் குழந்தையும் 280வது படியில் வந்து நிற்பதில்லை. சில படி முன்னாடி, சில படி பின்னாடி வரும். எந்தப் படியில் இருந்து எந்தப் படி வரை வந்தால் அது நிறைமாதக் குழந்தை? இங்கேதான் பல வீடுகளில் குழப்பம். ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நாளில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா என்று குடும்பமே டாக்டர் முன்னாடி உட்கார்ந்து பேசும் காலம் இது. ஒரு வாரம் முன்னே பின்னே போனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். அந்த ஒரு வாரம் ரொம்பப் பெரிய விஷயம்.

இந்தக் கணக்கை ஸ்கேன் மிஷின் இல்லாத காலத்தில் சென்னையில் உட்கார்ந்து பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரின் கதையோடு சேர்த்துப் பார்ப்போம்.

திருத்தணிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

திருத்தணி என்றதும் முருகனுக்கு அடுத்து ஞாபகம் வருபவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888 செப்டம்பர் 5ல் இங்கே பிறந்தவர். குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன், 1948ல் பல்கலைக்கழகக் கல்வியைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். அந்தக் குழுவில் விஞ்ஞானி மேக்நாத் சாஹா இருந்தார், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன் இருந்தார். கூடவே சென்னையில் இருந்து ஒரு பிரசவ மருத்துவரும் இருந்தார். அவர்தான் டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். சுருக்கமாக ஏ.எல்.முதலியார்.

ராதாகிருஷ்ணனுக்குச் சுமார் 11 மாதம் மூத்தவர். இருவருமே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்கள். இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. ஏ.எல்.முதலியார் பிறந்த ஊர் கர்னூல். அப்போது அது சென்னை மாகாணம். 1953ல் ஆந்திரா தனி மாநிலமானதும் கர்னூல் அந்தப் பக்கம் போனது. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1ல் இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு மாறினாலும், ரெண்டு பேருமே அந்தப் பழைய சென்னை மாகாணத்துப் பிள்ளைகள்.

இரட்டையரில் இளையவர்

1887 அக்டோபர் 14. கர்னூலில் ஒரு வீட்டில் ரெட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவருக்கு ராமசாமி, இளையவருக்கு லட்சுமணசாமி என்று பெயர். ராம லட்சுமணர் ஜோடிதான்.

ரெட்டைப் பிரசவம் என்றாலே அந்தக் காலத்தில் வீட்டுக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு குழந்தைக்கு 280 நாள் கணக்கு என்றால், ரெட்டையர் பெரும்பாலும் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. சராசரியாக 36, 37 வாரத்திலேயே வந்துவிடுவார்கள். எடை குறைவாக இருக்கும். இன்குபேட்டர் இல்லை, ஆக்சிஜன் இல்லை. பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தாயின் சூட்டிலேயே காப்பாற்றிய காலம்.

அந்த ரெண்டு பேரும் பிழைத்தார்கள். சாதாரணமாகப் பிழைக்கவில்லை, 86 வயதைத் தாண்டி வாழ்ந்தார்கள். மூத்தவர் ராமசாமி வழக்கறிஞர், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு 1946ல் முதல் தலைவர், மைசூர் சமஸ்தான திவான். இளையவர் லட்சுமணசாமி, மனிதர்கள் பிறக்கிற இடத்தையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கர்னூலில் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அதன் பின் சென்னை மருத்துவக் கல்லூரி.

எழும்பூர் ஆஸ்பத்திரி நாட்கள்

எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையைத் தெரியாத குடும்பம் வட தமிழகத்தில் குறைவு. திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் சிக்கலான பிரசவம் என்றால் எழும்பூருக்குக் கொண்டு போ என்பார்கள். 1844ல் பிரசவ ஆஸ்பத்திரியாகத் தொடங்கி, 1882ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அங்கேதான் ஏ.எல்.முதலியார் பிரசவ மருத்துவராகப் பெயர் எடுத்தார், கண்காணிப்பாளராகவும் இருந்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி முதல்வர் ஆனார்.

அந்தக் காலத்துப் பிரசவ வார்டு எப்படி இருந்திருக்கும் என்று புரிய ஒரு எண் போதும். 1946ல் வெளியான போர் குழு அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 1000 பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார்கள் இறப்பதாகக் கணக்கிட்டது. வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள். ஏ.எல்.முதலியார் அந்தக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவர்.

இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் தூக்கிவாரிப் போடும். அந்த 1000க்கு 20 என்பது லட்சத்துக்கு 2000. 2018-20 காலத்துக்கான அரசுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை லட்சத்துக்கு 54.

ஸ்கேன் இல்லாம எப்படி நாள் கணக்கு பார்த்தாங்க?

கர்ப்பத்தில் அல்ட்ராசவுண்ட் பயன்படும் என்று கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் ஆய்வு வெளியிட்டதே 1958ல்தான். ஏ.எல்.முதலியார் வார்டில் இருந்த காலத்தில் மருத்துவருக்குக் கை, காது, நாள்காட்டி. அவ்வளவுதான்.

முதலில் நாள்காட்டி. கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்பார்கள். அந்தத் தேதியோடு 9 மாதம், 7 நாள் கூட்டினால் பிரசவத் தேதி. ஜெர்மனியைச் சேர்ந்த நெகலே என்ற மருத்துவரின் பெயரில் இந்த விதி வழங்குகிறது. உதாரணத்துக்கு ஏ.எல்.முதலியாரின் பிறந்த தேதியையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பிரசவத் தேதி அக்டோபர் 14 என்று குறித்தால், அவருக்குக் கடைசி மாதவிடாய் ஜனவரி 7ல் தொடங்கியது என்று அர்த்தம். நடுவில் 280 நாள், அதாவது சரியாக 40 வாரம்.

அடுத்தது கை. கர்ப்பப்பை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். 12 வாரத்தில் அடிவயிற்று எலும்புக்கு மேலே தட்டுப்படும். 36 வாரத்தில் நெஞ்செலும்பின் கீழ்முனை வரைக்கும் வரும். அதன் பிறகு குழந்தையின் தலை கீழே இறங்க, வயிறும் இறங்கும். நம்ம பாட்டிகள் வயிறு எறங்கிடுச்சு என்று சொல்வது இதைத்தான்.

குழந்தை முதன்முதலாகத் துடிப்பதைத் தாய் உணர்ந்த நாளும் ஒரு துப்பு. முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்தில் தெரியும். அடுத்தடுத்த கர்ப்பங்களில் கொஞ்சம் முன்னாடியே தெரிந்துவிடும். கடைசியாகக் காது. வயிற்றில் குழல் வைத்து இதயத் துடிப்பைக் கேட்பார்கள்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, இந்தியப் பெண்களைப் பார்த்த அனுபவத்தோடு ஏ.எல்.முதலியார் எழுதிய பாடநூல் ‘கிளினிக்கல் அப்ஸ்டெட்ரிக்ஸ்’. 1938ல் முதல் பதிப்பு வந்தது. பின்னாளில் டாக்டர் எம்.கே.கிருஷ்ண மேனன் சேர்ந்து, முதலியார் மேனன் புத்தகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதுப் பதிப்புகள் வந்து, இன்றைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கையில் இருக்கிறது. எழுதியவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அவர் பெயரைச் சொல்லித்தான் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

அப்போ நம்ம ‘பத்து மாசம்’ தப்பா?

தப்பில்லை. பத்து மாசம் சுமந்து பெத்தேன் என்று அம்மாக்கள் சொல்வதற்குப் பின்னால் சரியான கணக்கு இருக்கிறது. 4 வாரம் ஒரு மாசம் என்றால் மாசத்துக்கு 28 நாள். 28ஐப் பத்தால் பெருக்கினால் 280. அதே நாட்களை ஆங்கில மாதத்தில் எண்ணினால் ஒன்பது மாசமும் ஒரு வாரமும். ஒன்பது முடிந்து பத்து நடக்குது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதுவேதான்.

ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாது. இந்த 280 நாள் கரு உருவான நாளில் இருந்து எண்ணுவது இல்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து எண்ணுவது. மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருபவருக்கு, கரு உருவாவதே சுமார் 14வது நாளில்தான். திருத்தணிப் படிக்கணக்கில் சொன்னால், முதல் 14 படியில் குழந்தையே இல்லை. அதனால்தான் ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள வாரமும் நாம் மனசில் வைத்திருக்கும் வாரமும் இடிக்கிறது.

எந்தப் படியில் இருந்து எந்தப் படி வரை?

37 வாரம் என்பது 259வது படி. அதற்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம்.

37 வாரம் முதல் 38 வாரம் 6 நாள் வரை, நிறைமாதத்தின் தொடக்கம்.

39 வாரம் முதல் 40 வாரம் 6 நாள் வரை, முழு நிறைமாதம். படிக்கணக்கில் 273 முதல் 286.

41வது வாரம் முடிந்ததில் இருந்து அடுத்த 6 நாள், தாமத நிறைமாதம்.

42 வாரம், அதாவது 294வது படியைத் தொட்டுவிட்டால் நாள் கடந்த கர்ப்பம்.

முன்பெல்லாம் 37 முதல் 42 வரை எல்லாமே ஒரே நிறைமாதம்தான். 37ல் பிறக்கும் குழந்தையும் 39ல் பிறக்கும் குழந்தையும் ஒன்றல்ல என்று தெளிவானதால், 2013ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு இப்படிப் பிரித்தது.

குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 100ல் நாலைந்துதான். அதனால் சீட்டில் எழுதியிருக்கும் தேதி ஒரு நடு மையம் மாதிரி. அந்தத் தேதியில் வலி வரவில்லை என்று பயப்படத் தேவையில்லை. அதே நேரம் அது தாண்டிப் போவதைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது.

நல்ல நாள் பார்த்து ஒரு வாரம் முன்னாடி எடுத்தா என்ன?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் சுமார் 64. இதில் பல, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய ஆபரேஷன்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தப்போக்கு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, ரெட்டைக் குழந்தை போன்ற காரணங்களுக்காக டாக்டரே முன்கூட்டி எடுக்கச் சொன்னால் அது வேறு.

பிரச்னை, மருத்துவக் காரணமே இல்லாமல் நட்சத்திரத்துக்காக 37வது வாரத்தில் எடுப்பது. கடைசி வாரங்களில் குழந்தை சும்மா எடை மட்டும் போடவில்லை. நுரையீரல் மூச்சுக்குத் தயாராகிறது. பால் உறிஞ்சி விழுங்கப் பழகுகிறது. உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்கிறது. 35 வாரத்தில் குழந்தையின் மூளை எடை, 39, 40 வாரத்தில் இருக்கப்போவதில் மூன்றில் இரண்டு பங்குதான். முன்னாடி எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, பால் குடிக்கச் சிரமம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் வைக்க வேண்டி வரலாம்.

பின்பக்கமும் ஆபத்து உண்டு. 41 வாரம் தாண்டினால் நஞ்சுக்கொடி சோர்ந்து, பனிக்குட நீர் குறையலாம். 42ஐத் தாண்டத் தாண்ட, வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயம் கூடுகிறது. அதனால் 41 வாரம் உறுதியாக ஆகிவிட்டால் மருந்து கொடுத்து வலி வரவழைக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தானா வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருப்பதும் சரியில்லை.

எட்டாம் மாசக் குழந்தை தங்காது, ஏழாம் மாசம்னா தங்கும் என்ற பேச்சும் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. உண்மை நேர் எதிர். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஏழைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல்.

எழும்பூரில் இருந்து ஜெனீவா வரை

மீண்டும் ஏ.எல்.முதலியாரிடம் வருவோம். 1942ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. 1969 வரை 27 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். 1945ல் சர் பட்டம். 1952ல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர். பள்ளிக் கல்வி பற்றிப் படிப்பவர்கள் முதலியார் கமிஷன் என்று படிப்பது இவர் பெயரைத்தான்.

1948ல் முதல் உலக சுகாதார மாநாடு ஜெனீவாவில் கூடியது. இந்தியக் குழுவின் துணைத் தலைவராகப் போனார். நம் கதைக்கு அந்த மாநாடு முக்கியம். 2500 கிராம் அல்லது அதற்குக் கீழே பிறந்தால் குறைப்பிரசவக் குழந்தை, எடை தெரியாவிட்டால் 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம் என்ற வரையறையை அதுதான் பரிந்துரைத்தது. அடுத்து உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுத் தலைவரானார்.

1961ல் அந்த மாநாடு டெல்லியில் நடந்தபோது அதன் தலைவர் ஏ.எல்.முதலியார். அதே ஆண்டில்தான் அந்த நிறுவனத்தின் தாய் சேய் நல நிபுணர் குழு, எடை குறைவு வேறு, நாள் குறைவு வேறு என்று பிரிக்கச் சொன்னது. நம்ம ஊருக்கு இது ரொம்பத் தேவையான திருத்தம். போதிய சாப்பாடு, ரத்தம் இல்லாத தாய்க்கு 40 வாரம் நிறைந்தும் குழந்தை 2300 கிராமில் பிறக்கலாம். அந்தக் குழந்தை சீக்கிரம் பிறக்கவில்லை, தாய்க்குத்தான் கவனிப்பு போதவில்லை.

அந்தக் கவனிப்பு கிராமத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதும் அவர் மேசைக்கு வந்த கேள்விதான். 1959ல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். புதிது புதிதாகத் திறப்பதைவிட, இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பலப்படுத்த வேண்டும், ஒரு நிலையத்துக்கு 40,000 பேருக்கு மேல் போகக் கூடாது, மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்கள் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

1954ல் பத்மபூஷண், 1963ல் பத்மவிபூஷண். 1974 ஏப்ரல் 15ல் காலமானார். அண்ணன் ராமசாமி ரெண்டு வருஷம் கழித்து, 1976ல் மறைந்தார். தரமணியில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை ஆய்வு நிறுவனம் ஏ.எல்.முதலியார் பெயரில்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் ஏ.எல்.முதலியார் தடகளப் போட்டியில் ஓடிய எத்தனையோ பேருக்கு, அவர் பிரசவம் பார்த்த டாக்டர் என்பது தெரியாமலே இருக்கலாம்.

இன்னைக்கு நீங்க செய்ய வேண்டியது என்ன?

கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். அவர் காலத்தில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். இப்போதும் தாய் சேய் நல அட்டையில் முதலில் கேட்கும் தேதி அதுதான்.

12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவு அவசியம்.

முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்தால், தேதி கணக்கு ஒரு வாரத்துக்குள் துல்லியமாகக் கிடைக்கும். மாதவிடாய் முன்னே பின்னே வருபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். எட்டு, ஒன்பதாம் மாச ஸ்கேனில் காட்டும் தேதி ரெண்டு மூணு வாரம் வரை தள்ளிப்போகலாம். அதை வைத்து முதல் ஸ்கேன் தேதியை மாற்றக் கூடாது.

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது, இன்னைக்கு எத்தனை வாரம், எத்தனை நாள் என்று கேளுங்கள். 39க்கு முன்னாடி என்றால், என்ன மருத்துவக் காரணம் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, கண் மங்கல் இருந்தால் எந்த வாரமாக இருந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

குழந்தை பிறந்து முதல் மொட்டைக்கு முருகன் மலை ஏறுகிறவர்கள் நிறைய பேர். போகிற வழியில் 273வது படியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். முழு நிறைமாதம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.